செடி குடித்த தேநீர்

ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளில் வந்தவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றாத வீடு கிடையாது. வீடு வீடாகப் போய் முடி வெட்டும் தோரா யாரிடமும் வேண்டாம் என்று சொல்வதில்லை. வாங்கிக்கொள்வாள், ஆள் அந்தப் பக்கம் திரும்பியதும் சன்னலோரத்துப் பூந்தொட்டியில் கவிழ்த்துவிடுவாள்.

முடி வெட்டப் போன ஜீன் வீட்டில் ஒருநாள் தோரா கையும் களவுமாகப் பிடிபட்டாள். துண்டு எடுக்கப் போன ஜீன் பாதி வழியில் திரும்பிவிட்டாள்.

"அடிப்பாவி! செடி ஏன் பட்டுப்போச்சுன்னு மூணு மாசமா மண்டையப் பிச்சுக்கிட்டிருக்கேன். என் டீ அவ்வளவு கேவலமாவாடி இருக்கு?"

தோரா சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. அவளுக்கு எம்.எஸ். என்கிற நரம்பு நோய் இருப்பது ஊரறிந்த விஷயம். ஊரறியாதது வேறு. சிறுநீர் முட்டினால் அடக்க முடியாது. போய் உட்கார்ந்தாலோ லேசில் வராது. அடுத்தவர் வீட்டுக் கழிப்பறையை அரைமணி நேரம் அடைத்துக்கொள்ளக் கூச்சப்பட்டு, நாள் முழுக்கத் தொண்டையைக் காயப்போட்டாள். அந்த வருஷம் நாலு முறை சிறுநீர்த் தொற்று. ஒவ்வொரு முறையும் காய்ச்சலோடு கால்களும் துவண்டன. அத்தனையையும் அன்று ஜீனிடம் கொட்டிவிட்டாள்.

"நோய் முத்திருச்சு ஜீன். இந்த மாசத்தோட கத்தரிக்கோலக் கீழ வெச்சிடப்போறேன்."

"யாரு சொன்னா, டாக்டரா?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியுதே."

"வந்துட்டா பெரிய டாக்டரு! உன்னப் பாக்கற நர்ஸ்கிட்ட இதச் சொன்னியா?"

"ச்சீ, ஒண்ணுக்குப் போற கதையெல்லாமா சொல்லுவாங்க?"

ஜீன் பாதி வெட்டிய தலையோடு தொலைபேசியை எடுத்தாள்.

அந்த நோய்க்கென்றே இருக்கும் நர்ஸ் முகம் சுளிக்கவில்லை. தோராவைக் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லி, அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார்.

"போய்ட்டு வந்த பிறகும் ஒரு பெரிய டம்ளர் அளவு உள்ள தேங்கி நிக்குது. தண்ணியும் குடிக்கிறதில்ல. அப்புறம் தொற்று வராம என்ன செய்யும்? தொற்று வந்தா இந்த நோய் இருக்கறவங்களுக்குக் காலும் சோர்ந்துபோகும். மத்தபடி, உங்களச் சோதிச்சுப் பாத்த டாக்டரும் நோய் முத்தலன்னுதான் சொல்றாரும்மா."

"அப்ப, வேலைய விட வேணாமா?"

"எதுக்கு விடணும்?"

தோரா நாற்காலியிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மார்பில் இருந்த பாறாங்கல் இறங்கியது போலிருந்தது.

கையைச் சுத்தமாகக் கழுவி, சிறுநீர்ப் பாதையில் மெல்லிய குழாயைச் செலுத்தி, தேங்கியதைத் தானே வெளியேற்ற நர்ஸ் கற்றுக்கொடுத்தார். முதல் நாள் அரைமணி நேரம் பிடித்தது. ஒரு மாதத்தில் அது ஐந்து நிமிட வேலையாகிவிட்டது. தாகத்துக்குத் தண்ணீரும் குடித்தாள். ஐந்து மாதமாகத் தொற்று எட்டிப் பார்க்கவில்லை.

அன்று ஜீன் வீட்டில் தோரா தேநீர்க் கோப்பையைக் காலி செய்துவிட்டு, குழாய் வைத்திருந்த கைப்பையோடு எழுந்தாள்.

"ஜீன், உன் பாத்ரூம் வேணும். கொஞ்ச நேரமாகும்."

"நிதானமா போய்ட்டு வா. என் தலை எங்கயும் ஓடிப்போகாது."

திரும்பி வந்தவள் கத்தரிக்கோலை எடுத்தாள். "நோய்தான் என்ன முடக்குதுன்னு நெனச்சேன் ஜீன். முடக்கினது என் வெட்கம். உடம்புல எங்க கோளாறுன்னாலும், வைத்தியம் பாக்கறவங்ககிட்ட வாயத் தொறந்து சொல்லிரணும்."

ஜீன் சன்னலோரத்துப் புதுச் செடியைப் பார்த்தாள். "இது உனக்குப் புரியறதுக்கு என் பழைய செடி சாக வேண்டியிருந்துச்சு!"