நிஜ வயிறு

வீட்டில் மூத்தவள் என்பதால் அவளுக்குப் பெரியவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒருமுறை அப்பா அவளுடைய ஆபீஸ் நம்பருக்குப் போன் போட்டு, "பெரியவ இருக்காளா?" என்று கேட்டுத் தொலைத்தார். அன்றிலிருந்து வேலை செய்யும் இடத்திலும் அவள் பெரியவள்தான்.

ஆன்லைனில் துணி விற்கும் கம்பெனி அது. பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் ஸ்டூடியோ. விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு உருப்படியையும் ஓர் ஆளுக்குப் போட்டுக் காட்டிப் படமெடுக்க ஏற்பாடு செய்வது பெரியவளின் வேலை. மாடலைப் பிடிப்பது, போட்டோகிராபரின் தேதியை வாங்குவது, மூட்டையாக வரும் துணிகளைப் பிரித்து ஆவி இஸ்திரி போட வைப்பது, தொளதொளவென்று தொங்கும் சட்டையை முதுகுப் பக்கம் கிளிப் மாட்டி இழுத்துப் பிடிப்பது, புதுச் செருப்பு அழுக்காகாமல் அடியில் டேப் ஒட்டுவது வரை எல்லாம் அவள் தலையில்தான். அவள் லீவு போட்டால் அங்கே யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த வருஷம் கம்பெனி கர்ப்பிணிகளுக்கான உடைகளைப் புதிதாக இறக்கியது. வழக்கமாக வரும் ஒல்லி மாடலுக்கு வயிற்றில் பஞ்சு மெத்தை ஒன்றைக் கட்டி, பெரியவள் படமெடுத்துக் கொடுத்தாள். வாங்கியவர்கள் விடவில்லை. 'தலையணையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், பிள்ளை பெற்றவளுக்குத் தெரியாதா?' என்று ஒருத்தி எழுத, அதற்குக் கீழே ஊரே கூடிச் சிரித்தது.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவளைவிட வயதில் சின்னவர். கோபப்படத் தெரியாதவர், அதனாலேயே அவரிடம் மறுத்துப் பேசுவது கஷ்டம்.

"நிஜ வயிறு வேணும், பெரியவ. வேற வழியில்ல."

"ஏழு மாசத்துல எந்த மாடல் சார் வருவா? ஏஜென்சில கேட்டா சிரிக்கிறாங்க."

"மாடல்தான் வேணும்னு யார் சொன்னா? நல்ல முகமா, சிரிச்ச முகமா ஒரு பொண்ணு. நீங்க நினைச்சா முடியாதா என்ன?"

நினைத்தால் முடியாதா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பெரியவளுக்கு அதை முடிக்காமல் தூக்கம் வராது. அன்று மாலையே தம்பி வீட்டுக்குப் போனாள்.

தம்பியை வளர்த்தவளே அவள்தான். அம்மா போனபோது அவனுக்குச் செருப்பின் வார் மாட்டத் தெரியாது. அவனைப் படிக்க வைத்தது, வேலைக்கு அனுப்பியது, பெண் பார்த்தது எல்லாம் அவள். அப்படி அவள் பார்த்துக் கொண்டுவந்த பெண்ணுக்கு வீட்டில் மைனா என்று பெயர். வாய் ஓயாது. இருக்கிற மனிதர்கள் போதாதென்று குக்கரோடும் பேசுவாள். இப்போது ஏழு மாசம். வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நானா அண்ணி? என் மூஞ்சியையா?" மைனா எழுந்தே நின்றுவிட்டாள். "காலெல்லாம் வீங்கி யானைக்கால் மாதிரி இருக்கே!"

"கால் யாருக்கு வேணும்? வயிறுதான் வேணும்."

தம்பிதான் தயங்கினான். "ரொம்ப நேரம் நிக்க வேண்டியிருக்குமா அக்கா?"

"நான் கூடவே இருக்கேன்டா. என்னைத் தாண்டி என்ன ஆயிடும்?"

அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றே வளர்ந்தவன் அவன்.

ஷூட் அன்று பெரியவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மைனாவுக்கென்று சாய்வு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், முகத்துக்கு நேரே ஒரு மின்விசிறி. விளக்குகளின் சூட்டில் மற்றவர்கள் வேர்த்து வழிய, மைனா போட்டோகிராபரையே கிண்டல் செய்துகொண்டிருந்தாள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று, வயிற்றில் கை வைத்து ஒன்று. பிறகு அடுத்த உடுப்பு.

நீல கவுன் போட்டிருந்தபோது அவள் "ஐயோ!" என்று கத்தினாள். எல்லோரும் பதறினார்கள். அவளோ விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உதைக்குது அண்ணி! விளக்கு கண்ணக் கூசுது போல. வாங்க, கை வைங்க, சீக்கிரம்!"

பெரியவள் ஓடிப்போய்க் கை வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு சின்ன முட்டு. போட்டோகிராபர் அதையும் எடுத்துவைத்தார். மைனா கேமராவைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் ஓரத்தில் பெரியவளின் கை. கடைக்கு உதவாத படம், ஆனால் அன்று எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று எல்லோரும் திரையைச் சுற்றி நின்று சொன்னார்கள்.

சாயங்காலம் ஆக ஆக மைனாவின் பேச்சு குறைந்தது. உடுப்பு மாற்றும் அறையில் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"முதுகு விண்ணு விண்ணுன்னு வலிக்குது அண்ணி. உள்ள இவன் சத்தத்தையே காணோம். தூங்குறான் போல."

"தூங்கட்டும் விடு. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, இன்னைக்கே முடிச்சிட்டா நாளைக்கு உன்னை அலைய வைக்க வேண்டாம்."

மைனா தலையாட்டினாள். பெரியவள் அவள் முதுகில் கிளிப்பை மாட்டினாள். பாக்கி இருந்ததையும் எடுத்து முடித்தார்கள்.

அந்த வார இறுதியில் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். ஸ்கேன் எடுத்ததில் துடிப்பு இல்லை.

டாக்டர் அம்மாள் பொறுமையாகச் சொன்னார். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நின்றதாலோ, நடந்ததாலோ, விளக்கு வெளிச்சத்தாலோ வந்தது இல்லை. யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. பெரியவள் ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். 'தூங்கட்டும் விடு' என்று தான் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிரசவ அறைக்கு வெளியே நர்ஸ் வந்து, "குழந்தையை அம்மாகிட்ட காட்டட்டுமா?" என்று கேட்டாள். தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றாள் பெரியவள். "பார்த்துட்டா அதுவே மனசுல நின்னுடும்."

மைனா மயக்கத்தில் இருந்தாள். கேட்கிற நிலையில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ, அன்று யாரும் அதை யோசிக்கவில்லை. தம்பியும் அப்பாவும் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வந்தார்கள்.

பெரியவள் வேலைக்குத் திரும்பியபோது மைனாவின் படங்கள் ஆன்லைன் கடையில் ஏறியிருந்தன. துணி பறந்துகொண்டிருந்தது. நீல கவுன் கையிருப்பே தீர்ந்து மறுபடி தைக்கச் சொல்லியிருந்தார்கள். அதோடு விட்டதா? விளம்பரமாகவும் ஓடவிட்டார்கள். ஒருநாள் தம்பி பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தவன், இரண்டு செய்திகளுக்கு நடுவே தன் பெண்டாட்டி நிறை வயிற்றோடு சிரிப்பதைப் பார்த்துவிட்டு, பாதி வழியிலேயே இறங்கிவிட்டான்.

"அக்கா, அதை எடுத்துடு. அவ கண்ணுல பட்டா செத்துருவா."

பெரியவள் முதலாளியிடம் போய் நின்றாள். அவருக்கு விஷயம் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பழக்கூடை அனுப்பியவர்தான். கண் கலங்கவும் செய்தார்.

"எனக்கும் மனசு கேக்கல. ஆனா சீசன் நடுவுல எடுத்தா வேற படம் இல்ல. அவங்களும் கையெழுத்து போட்டுக் கொடுத்ததுதானே." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். முகம் தெரியாம கழுத்தோட வெட்டிடச் சொல்றேன். அப்ப அது அவங்கன்னு யாருக்குத் தெரியும்?"

மறுநாள் எல்லாப் படங்களிலும் தலை போயிருந்தது. கழுத்துக்குக் கீழே வயிறும் கையும் மட்டும் வரிசையாக நின்றன. தம்பி மறுபடியும் கூப்பிட்டான். இந்த முறை கெஞ்சவில்லை.

"தலைய வெட்டிட்டா அவ இல்லையா? அவ கை எனக்குத் தெரியாதா? நீதானே கூட்டிட்டுப் போன. நீயே முடிச்சு வை."

முடித்து வைத்தாள். எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவள் அவள். எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கம்பெனியின் ஆன்லைன் பக்கத்திலிருந்து படங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். ஆபீஸ் கணினியில் இருந்த மூலப் படங்களை அழித்தாள். அதன் குப்பைத்தொட்டியில் தங்கியதையும் அழித்தாள். போட்டோகிராபர் வீட்டுக்கே போய் நின்றாள். அவர் தன்னிடம் இருந்த டிஸ்க்கை அவள் கண் முன்னாலேயே துடைத்து அழித்தார்.

"அந்தச் சிரிக்கிற படத்தையாவது வச்சுக்கட்டுமா?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் சார். வேரோட போகட்டும்."

முதலாளி அப்போதும் கத்தவில்லை. "உங்க மேல வச்சிருந்த நம்பிக்கை போச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நிறுத்தினார். படியிறங்கும்போது பெரியவளுக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது. தம்பிக்குப் போன் போட்டு, "முடிச்சுட்டேன்டா," என்றாள். "சரிக்கா," என்றான் அவன். அவனும் தன் வீட்டில் அதையேதான் செய்திருந்தான். மைனாவின் போனிலும் தன் போனிலும் இருந்த போட்டோக்கள், ஸ்கேன் படங்கள், கட்டிலுக்கடியில் வாங்கி வைத்திருந்த சின்னத் துணிகள், ஒன்று பாக்கியில்லாமல் கண்ணில் படாதபடி ஒழித்துவிட்டிருந்தான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் மைனா தனியாகப் பெரியவள் வீட்டுக்கு வந்தாள். ஆளே பாதியாகியிருந்தாள். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தும் துவட்டவில்லை.

"அண்ணி, எனக்கு ஒரே ஒரு படம் வேணும். நீங்க கை வச்சீங்களே, அவன் உதைச்சப்போ. அது மட்டும் போதும்."

பெரியவள் டீ போடப் போவதுபோல எழுந்தாள்.

"உக்காருங்க அண்ணி. வீட்ல ஒண்ணுமே இல்ல. அவர் எல்லாத்தையும் எடுத்துட்டார், என் நல்லதுக்குத்தான்னு சொல்றார். பிள்ளை முகத்தையும் யாரும் எனக்குக் காட்டல. எனக்குன்னு இருக்கறது அந்தப் படம்தான். அதுலதான் நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்."

"மைனா..."

"உங்ககிட்ட இருக்கும்னு தெரியும். நீங்க எதையும் தொலைக்க மாட்டீங்களே."

பெரியவள் சொன்னாள். மென்று விழுங்கிச் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. கடையிலிருந்து, ஆபீஸிலிருந்து, போட்டோகிராபரிடமிருந்து எல்லாவற்றையும் அழித்ததைச் சொன்னாள். சொல்கிற வேகத்தில் நர்ஸ் வந்து கேட்டதையும், தானே வேண்டாம் என்றதையும் சொல்லிவிட்டாள். உடுப்பு மாற்றும் அறையில் சொன்னதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

மைனா அழுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். மைனா கையிலிருந்த துண்டை மடித்து வைத்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்க யாருக்குமே தோணலையா?"

அவ்வளவுதான் கேட்டாள். குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

அதன்பிறகு பெரியவள் அலைந்த அலைச்சலுக்கு அளவில்லை. போட்டோகிராபர் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு, அழிந்ததை மீட்டுத் தரும் கடைகளுக்கெல்லாம் போனார். வேறொரு கல்யாணத்தின் படங்கள் அதன்மேல் ஏறிவிட்டன, கிடைக்காது என்று கையை விரித்தார்கள். பழைய ஆபீஸில் படங்களுக்கு மெருகு போடும் பையனிடம் கெஞ்சினாள். அவனும் துழாவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். பெரியவள் வேலை செய்தால் அப்படித்தான், ஒரு தூசி தும்பு மிஞ்சாது.

கடைசியில் ஒன்று கிடைத்தது. பெயர் தெரியாத ஏதோ ஒரு மலிவு விற்பனைப் பக்கம், நீல கவுனின் படத்தைத் திருடித் தன் சரக்குக்குப் போட்டிருந்தது. தலை வெட்டிய படம். வயிற்றின் குறுக்கே சிவப்புப் பட்டையில் 'பாதி விலை'. உதைத்த நேரத்துப் படம் இல்லை, அதற்கு முன்னால் எடுத்தது. பையன் பார்த்துவிட்டு, "பட்டைய எடுத்துடலாம் பெரியவக்கா. அவங்க வேற போட்டோ இருந்தா குடுங்க, தலையையும் ஒட்டித் தந்துடறேன். வித்தியாசமே தெரியாது," என்றான்.

பெரியவள் ஒரு கணம் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு, "வேண்டாம்ப்பா, அவளைக் கேக்கணும்," என்றாள்.

தம்பி வீட்டுக்குப் போய், வாசலில் நின்றே போனை நீட்டினாள். மைனா வாங்கிப் பார்த்தாள். பட்டையை எடுக்கலாம், முகம் சேர்க்கலாம் என்று பையன் சொன்னதைப் பெரியவள் சொன்னாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம். இப்படியே அனுப்புங்க," என்றாள் மைனா. உள்ளே வரச் சொல்லவில்லை.

பெரியவளுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கேயும் அதே மூட்டைகள், அதே கிளிப்புகள். தம்பி எப்போதாவது வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவான். ஒருமுறை அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து போன் வந்தது. மைனாவின் குரல் வெளியே நன்றாகக் கேட்டது.

"எங்க இருக்கீங்க? உங்க அக்கா வீட்லயா?"

"ஆமா."

"சரி, வரும்போது பால் வாங்கிட்டு வாங்க."

தம்பி போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான். பெரியவள் அவனை வாசல்வரை கொண்டுவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மைனா தன்னை அண்ணி என்பதைத் தவிர வேறெப்படியும் சொல்லி அவள் கேட்டதில்லை.