இரவல் மூச்சு

அந்தப் படத்தில் ஒரு குதிரை குளியல் தொட்டியில் படுத்திருக்கும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் நமக்குக் கலை தெரியாது என்று அர்த்தம். மாடிப்படிகள் ஏறிப்போய்க் கூரையில் முட்டி நிற்கும். அலமாரியைத் திறந்தால் ஈரமணல் கொட்டும். இவற்றுக்கு நடுவில் கதை என்றும் ஒன்று உண்டு. பணக்காரி ஒருத்தி தன் முகச்சாயலில் ஒரு வேலைக்காரியைத் தேடிப் பிடிக்கிறாள். தன் உடைகளை அவளுக்கு உடுத்தி, தன் நடையைப் பழக்கி, தன் காதலனிடம் அவளை அனுப்பிவிட்டுக் கதவிடுக்கில் நின்று பார்க்கிறாள். போகப் போக எஜமானி யார், வேலைக்காரி யார் என்று அவர்களுக்கே தெரியாமல் போகிறது. பார்க்கிறவர்களுக்கு முதலிலிருந்தே தெரியாது.

இரண்டு பெண்களாகவும் நடித்தது ஒரே நடிகை. அவளுக்கு நம் மொழி வராது. இருவருக்கும் குரல் கொடுத்தது என் அக்கா.

அக்காவுக்கு அதுதான் பிழைப்பு. சோப்பு விளம்பரத்தில் சிரித்து, தொடர் ஒன்றில் மாமியாராகச் சபித்து, கார்ட்டூனில் அணிலாகக் கீச்சிட்டுவிட்டு வீடு திரும்பும்போது அவளுக்குப் பேசத் தெம்பிருக்காது. உப்பு வேண்டுமென்றால் விரல்களைத் தேய்த்துக் காட்டுவாள். எனக்கும் அவளுக்கும் ஒரே குரல். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து தொலைபேசி எடுப்பது என் வேலை. ஒரே தொண்டையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்ததில் கடவுள் சிக்கனம் பிடித்துவிட்டார் என்பாள் அக்கா. நான் அவள் வீட்டுக்குப் போயிருக்கும்போது தொலைபேசியை எடுத்தால், அத்தான் என்னை அக்கா என்று நினைத்து, சாயங்காலம் வரத் தாமதமாகும் என்று சொல்லி வைத்துவிடுவார். நானும் திருத்த மாட்டேன். அவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்.

அந்தப் படத்தின் இயக்குநருக்கு எங்கள் வீட்டில் மேதை என்று பெயர். அக்கா வைத்தது. மேதைக்குச் சில கொள்கைகள் இருந்தன. ஒரு மனிதர் இன்னொருவராக வேண்டுமென்றால் முதலில் தன்னை உரிக்க வேண்டும் என்பது முதல் கொள்கை. அதற்காக ஒலிப்பதிவு அறையின் கதவுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டிருந்தார். உள்ளே போகிறவர் கைக்கடிகாரம், மோதிரம், மூக்குக்கண்ணாடி, கைப்பை எல்லாவற்றையும் கழற்றி அதன்மேல் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தக் கட்டடத்துக்குள் அக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. மேதை அவளைக் 'குரல்' என்றுதான் சொல்வார். குரல் வந்தாச்சா. குரலுக்கு ஒரு டீ கொடுங்க.

"வெங்காயத்த உரிச்சாலாவது கண்ணுல தண்ணி வரும்டி," என்றாள் அக்கா. "இந்தாளு உரிக்கறதுல எனக்குச் சிரிப்புதான் வருது. அடக்கிக்கிட்டு நிக்கறேன்."

இரண்டாவது கொள்கை, பதிவு நடக்கும்போது அவர் கையைத் தூக்கினால்தான் நிறுத்த வேண்டும். வேறு யாரும் நிறுத்தக் கூடாது. மூன்றாவது, ஒரு காட்சிக்கு ஒரு பதிவைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், பிரதி எடுக்கக் கூடாது. பிரதி எடுத்தால் உண்மை செத்துவிடுமாம். இப்படிப் பேசுகிற ஒருவருக்கு முன்னால் படித்தவர்கள் தலையாட்டிக்கொண்டு நின்றார்கள். நான்காவது கொள்கையாக அவர் எல்லோரையும் ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லியிருந்தால் நின்றிருப்பார்கள்.

படத்தின் உச்சக்காட்சியில் எஜமானி வேலைக்காரியின் வாயையும் மூக்கையும் பொத்துகிறாள். பொத்துகிறவளுக்கும் பொத்தப்படுகிறவளுக்கும் சேர்ந்தே மூச்சு முட்டுகிறது. வேலைக்காரி ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் அறைகிறாள். வசனம் கிடையாது, மூச்சு மட்டும்தான்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து ஆஸ்துமா. அன்று சளியும் பிடித்திருந்தது. அந்த அறையின் சுவர்களில் ஒட்டிய துணியில் பல வருடத் தூசி. இன்ஹேலர் கைப்பையில் இருந்தது. கைப்பை கதவுக்கு வெளியே முக்காலியில் இருந்தது.

நடந்ததை எனக்குச் சொன்னவர் ஒலிப்பதிவாளர். அக்கா அவரைச் சவுண்டு அண்ணன் என்பாள். துக்கம் கேட்க வந்தவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னார். திரையில் அந்தப் பெண் திணறினாள், அறைக்குள் அக்காவும் திணறினாள். திரையில் அவள் கண்ணாடியை அறைந்தாள், அக்காவும், வெளியே பதிவு செய்துகொண்டிருந்த இவர்களுக்கும் தனக்கும் நடுவிலிருந்த கண்ணாடியை அறைந்தாள். இவர்கள் உதடும் ஒலியும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவர்கள். பொருந்தியது. அதனால் யாரும் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் பிசகியிருந்தால் 'ஒன் மோர்' என்று நிறுத்தியிருப்பார்கள். சவுண்டு அண்ணனுக்கு மட்டும் நடுவில் ஒரு சந்தேகம் வந்து, திரும்பி மேதையைப் பார்த்திருக்கிறார். மேதை கண்களை மூடி, நாற்காலியின் கையை இறுகப் பிடித்து உட்கார்ந்திருந்தார். கை மேலே எழவில்லை. கதவைத் திறந்தபோது அக்கா கீழே கிடந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

விபத்து என்று சொன்னார்கள். அத்தானும் அப்படித்தான் சொன்னார். தாழ்ப்பாளும் கீலும் விற்கிற பெரிய கடையில் அவர் மேற்பார்வையாளர். அக்கா உயிரோடிருந்தவரை அவள் வேலையைத் 'தொண்டை கிழியற வேலை' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர், அவள் குரல் கொடுத்த ஒரு படத்தையும் முழுதாக உட்கார்ந்து பார்க்காதவர். மேதை அவரைக் கூப்பிட்டு, தோளில் கைபோட்டு, இருட்டறையில் உட்கார வைத்து அந்தக் காட்சியை அந்த மூச்சோடு இரண்டு முறை போட்டுக் காட்டினார். படத்தில் அதையே வைக்கப் போவதாகவும் கணவர் என்ற முறையில் அவர் சம்மதம் வேண்டுமென்றும் கேட்டார். கீல் விற்கிற மனிதரிடம் அதுவரை யாரும் எதற்கும் சம்மதம் கேட்டதில்லை. கண்ணெல்லாம் சிவந்து, புது மாப்பிள்ளை போல வீட்டுக்கு வந்தார்.

"அவ சாகல," என்றார் என்னிடம். "அதுக்குள்ள இருக்கா. நீயும் ஒரு தடவை வந்து கேளு."

தன் மனைவி மூச்சுக்குத் தவித்ததை இரண்டு முறை கேட்டுவிட்டு வந்து, என்னையும் விருந்துக்குக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். நான் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது?

அந்த மூச்சு படத்தில் இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நியாயம் கிடைக்கும் என்றெல்லாம் நான் நினைக்கவில்லை. ஊர் ஊராகக் கொண்டுபோய், குளிர்சாதன அறையில் சாய்ந்து உட்கார்ந்தவர்களுக்கு அவள் சாவதைப் போட்டுக்காட்ட விடக் கூடாது. சட்டப்படி நான் யாருமில்லை. கணவர் சம்மதித்தாகிவிட்டது.

மேதையின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் நாற்காலி உயரம். எதிரில் போட்டிருந்த நாற்காலிகள் எல்லாம் குட்டை. உட்கார்ந்தால் முகவாயை உயர்த்தித்தான் அவரைப் பார்க்க முடியும். நான் நின்றுகொண்டே பேசினேன். அந்தப் பதிவை எடுத்துவிடச் சொன்னேன். அவர் பரிவோடு தலையைச் சாய்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு, மூச்சுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது, அது இனிமேல் படத்தின் மூச்சு என்றார்.

"அது எங்க அக்காவோட ஆஸ்துமாங்க," என்றேன்.

கண்களை மூடிக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் காதில் விழுந்தது நான் சொன்ன விஷயம் அல்ல, என் குரல். படத்தின் கடைசிக் காட்சிக்கு அக்கா இன்னும் குரல் கொடுத்திருக்கவில்லை. எத்தனையோ பேரை வைத்துப் பார்த்தாராம், யார் குரலும் ஒட்டவில்லையாம். இப்போது காணாமற்போன செருப்பின் ஜோடி தானாக நடந்து வந்து மேசைக்கு முன்னால் நிற்கிறது. எழுந்து என் அருகில் வந்தார். தொண்டையையே பார்த்தார். அந்தப் பார்வையில் என் முகம் தேவைப்படவே இல்லை. ஆசை என்றால் என்ன என்று அவர் எடுத்த படத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை, அந்தப் பார்வையிலிருந்து தெரிந்தது.

நான் பேரம் பேசினேன். மூச்சுக் காட்சியை முதலில் நான் செய்கிறேன். என் கண்ணெதிரே பழைய பதிவை அழித்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் கடைசிக் காட்சி. மேதை யோசித்தார். அவர் மனதில் ஓடியது வெளியிலேயே தெரிந்தது. அக்காவிடமிருந்து தற்செயலாகக் கிடைத்ததை என்னிடமிருந்து தன் திறமையால் வாங்கிவிடலாம் என்று நினைத்தார். தற்செயலாகக் கிடைத்ததில் அவருக்கு என்ன பெருமை? சரி என்றார்.

சொன்ன நாளில் போனேன். கதவுக்கு வெளியே அதே முக்காலி. துடைத்து வைத்திருந்தார்கள். மேதை அதைக் கையால் காட்டினார். நான் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே உள்ளே போகத் திரும்பினேன். எனக்கு ஆஸ்துமா கிடையாது. பைக்குள் ஒரு குடையும் சாப்பாட்டு டப்பாவும்தான் இருந்தன. ஆனாலும் அது என்னோடுதான் வரும் என்றேன். உரிக்காமல் உள்ளே போனால் தங்கை அக்காவாக முடியாது, 'நான்' கரையாது என்று அவர் பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

"எனக்குக் கிளினிக்குல வேலை கெடக்குதுங்க," என்றேன். "வேண்டாம்னா கெளம்பறேன்."

உடனே வழிவிட்டார். அவ்வளவுதான் அந்தச் சர்வாதிகாரம். ஊதினால் பறக்கிற பொடி. அக்காவால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க முடியாது. அடுத்த மாதமும் அதே கட்டடத்துக்கு வந்து அணிலாகக் கீச்சிட வேண்டியவள் அவள். எனக்கு அவரிடம் ஆக வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் கொடுக்க நினைத்த மற்றது எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அவரால் என்னை ஒன்றும் செய்ய முடியவில்லை.

உள்ளே நின்றேன். திரையில் அந்தக் காட்சி ஓடியது. மேதை கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒலிபெருக்கி வழியாக, அக்காவை நினைத்துக்கொள்ளும்படி சொன்னார். அவள் கடைசியாக எங்கே நின்றாளோ அங்கேதான் நீ நிற்கிறாய் என்றார். நான் அக்காவை நினைக்கவில்லை. எங்கள் பல் மருத்துவமனையில் செயற்கைப்பல் கட்டுவதற்கு அளவெடுக்கும்போது, பசை நிரப்பிய தட்டை வாய்க்குள் வைத்து அழுத்துவார்கள். பசை தொண்டைப்பக்கம் வழிந்ததும் ஆட்கள் குமட்டுவார்கள், மூக்கால் இழுப்பார்கள், நாற்காலியைத் தட்டுவார்கள். தினமும் கேட்கிற சத்தம். ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி எங்கள் டாக்டரம்மாவின் கையைக் கடித்தே விட்டார். அவரை நினைத்துக்கொண்டு இழுத்தேன், முட்டினேன், குமட்டினேன். கண்ணாடியையும் அறைந்தேன். முடிந்ததும் மேதை கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பழைய பதிவை அழிக்கச் சொன்னேன். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒரே ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து கேட்போமே என்றார் மேதை. சவுண்டு அண்ணன் அவர் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. அழிக்கும் விசையை அழுத்தினார். இருந்தது ஒன்றே ஒன்று, பிரதி எடுக்காதது. அந்த ஒரு கொள்கைக்காக மட்டும் மேதைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சவுண்டு அண்ணன் எழுந்து வெளியே போய், முகம் கழுவிவிட்டு வந்தார்.

கடைசிக் காட்சியையும் செய்து கொடுத்தேன். பேச்சு பேச்சுதானே. எஜமானியோ வேலைக்காரியோ ஒருத்தி, "நான் இப்போ யாரு?" என்று கேட்க வேண்டும். 'அடுத்தது யாரு?' என்று நோயாளிகளைக் கூப்பிடுகிற தொனியில் கேட்டேன். தன்னை முற்றிலும் இழந்த ஒரு பெண்ணின் வெறுமை அந்தக் கேள்வியில் இருப்பதாகப் பிறகு ஒரு விமர்சகர் எழுதினார்.

படம் வெளியான அன்று முதல் காட்சிக்கு அத்தானோடு போனேன். மூச்சுக் காட்சி வந்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கா எங்காவது மிச்சமிருக்கிறாளா என்று நான் காதைத் தீட்டிக் கேட்டேன். அந்த இடத்தில் அவள் இல்லை. நீதிபதிதான் குமட்டிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் மேதை மேடை ஏறினார். இங்கே ஒலித்தது ஒரு கலைஞரின் உண்மையான கடைசி மூச்சு என்றார். கண்கூட இமைக்கவில்லை. அரங்கமே எழுந்து மௌனமாக நின்றது. பட்டுச்சேலைகள், கோட்டுகள், கனமான சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடிகள். ஒரு செயற்கைப் பல்வரிசைக்கு எழுந்து நின்ற மரியாதையை அன்றுதான் பார்த்தேன். நான் உட்கார்ந்தே இருந்தேன். பின்னாலிருந்த ஒரு அம்மாள், இந்தக் காலத்தில் யாருக்கும் மரியாதை தெரிவதில்லை என்றாள்.

வெளியே வந்ததும் அத்தான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கேட்டியா?" என்றார். "அவதான்."

அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அவ இல்ல அத்தான். அது நான். அக்காவோடது இப்ப எங்கயுமே இல்ல, அழிச்சாச்சு."

தூணிலிருந்து கையை எடுத்தார். தொலைபேசியில் ஏமாந்துபோன மனிதர்.

"எம் பொண்டாட்டி மூச்சு எனக்குத் தெரியாதா? பக்கத்துலயே படுத்துத் தூங்குனவன் நான்." பிறகு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "உனக்கு அவமேல எப்பவும் ஒரு பொறாம," என்றார்.

கூட்டத்தில் மேதை அவரைத் தேடினார். கையசைத்ததும் அத்தான் ஓடினார். இருவரும் தோளோடு தோள் சேர்ந்து புகைப்படத்துக்கு நின்றார்கள். அத்தானுடைய முகம், இதுவரை எங்கள் யாருக்கும் காட்டாத ஒரு பணிவோடு, மேதையின் பக்கம் சாய்ந்திருந்தது.

நான் படியிறங்கினேன். அடுத்த காட்சிக்கு ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். போய்க் கேட்கட்டும். வேண்டிய மட்டும் கேட்கட்டும், அழட்டும், எழுந்து நிற்கட்டும். அது என்னுடைய மூச்சு. நான் இன்னும் விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை.