தரை தெரிகிற மேசை

கூடத்துத் தரையைப் போட்டு முடித்த அன்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்னே? டைல்ஸ் ஒட்டுகிற அவள் வீட்டுக்காரர், போன இடத்திலெல்லாம் மிஞ்சிய துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, சுவருக்குச் சுவர் ஒரே பூவாக விரித்திருந்தார். அதன்மேல் மர மேசையைப் போட்டு மூடுவதா? அவள் ஒப்பவேயில்லை.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கண்ணாடிபோல ஊடே தெரியும் அக்ரிலிக் பலகையில் கடைகளுக்கு அலமாரி செய்யும் பட்டறையில் வேலை. முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பலகையைச் சூடுகாட்டி வளைத்தாள், ஓரங்களைத் தேய்த்து மெருகேற்றினாள். மேசை, நாற்காலிகள், பூச்சாடிகூட தண்ணீர்போலத் தெளிவு. வீட்டுக்காரர்தான் போகும்போதும் வரும்போதும் முழங்காலை இடித்துக்கொண்டார்.

“இதுக்கு ஒரு மணி கட்டிவிடேன்” என்றார்.

அவள் பயந்தது அவருடைய அக்காவுக்குத்தான். தரை பாதியில் இருந்தபோது வந்து, “ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்குடா” என்று சொல்லிவிட்டுப் போன மகராசி. அன்று தொங்கிப்போன வீட்டுக்காரர் முகத்தை அவள் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். கையில் சுருட்டிய கம்பளம்.

“தம்பி, இத விரிச்சு அந்தத் தரைய மூடிடு. நாலு பேரு வந்துபோற இடம்.”

அவர் அதை வாங்கிக் கீழே வைத்தார். அவளுக்குச் சுருக்கென்றது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

“முதல்ல உட்காருங்க அண்ணி.”

அக்கா நாற்காலியைத் தட்டிப் பார்த்து, நம்பிக்கையில்லாமல் பாதி மட்டும் உட்கார்ந்தாள். மேசையில் முழங்கையை ஊன்றிக் குனிந்தவள் அப்படியே கீழே உற்றுப் பார்த்தாள். பூவின் நடு மேசைக்கு நேர் கீழே இருந்தது.

“டேய், இந்த நீலம்... எங்க வீட்டு அடுப்படியில நீ ஒட்டினதுதானே?”

“ஆமாக்கா. நான் தனியா செஞ்ச முதல் வேலை. அதான் நடுவுல வச்சேன்.”

அக்காவின் கண் கலங்கிவிட்டது. கம்பளத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். உடனே தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“என் தம்பி தரைய வந்து பாருங்க, கண்ணுல ஒத்திக்கலாம்! எது, மேசை நாற்காலியா? அதையெல்லாம் யாரு பார்த்தா?”

அக்காவின் இரண்டு முழங்கையும் மேசைமேல்தான் இருந்தன. அவர் பதறி, “அக்கா, அத இவதான்...” என்று தொடங்கினார். அவள் கண்ணைக் காட்டி அடக்கினாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா கம்பளத்தோடு கிளம்பிப் போனதும், அவள் ஈரத்துணியால் மேசையிலிருந்த முழங்கைத் தடத்தைத் துடைத்தாள். பூ முழுசாகத் தெரிந்தது.