பல்லேடியத்தில் ஒரு கட்டைவிரல்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டுக்காரர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒன்பது வருஷம் ஒரே தொட்டிக்கு முன்னால் நின்று முலாம் பூசிப் பாருங்கள், உங்களுக்கும் வரும். கையுறை போடாமல் யாராவது என் குழாய் பக்கம் கையை நீட்டினால் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிடும். இதனாலேயே பட்டறையில் எனக்குக் 'கையுறை அம்மா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அப்படி என்ன தொடக்கூடாத குழாய் என்று கேட்பீர்கள். ஒரு முழ நீளம், விரல் தடிமன். எஃகுத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்தது, அதனால் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதன்மேல் பல்லேடியமும் வெள்ளியும் கலந்த முலாமைக் கரண்ட் கொடுத்து ஏற்ற வேண்டும். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். ஆனால் அதன் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள்: நாலு வாயு கலந்து வந்து மோதினாலும் ஹைட்ரஜனை மட்டும் உள்ளே விடும், மற்றதையெல்லாம் வெளியிலேயே நிறுத்திவிடும். வெறும் பல்லேடியம் என்றால் ஹைட்ரஜனைக் குடித்துக் குடித்து விரிசல் விட்டுவிடும். வெள்ளி சேர்ந்தால்தான் தாக்குப்பிடிக்கும். இத்தனை கெட்டிக்கார முலாமுக்கு விரலில் இருக்கும் எண்ணெய்ப்பசை ஆகாது. பசை பட்ட இடத்தில் ஒட்டாது, அங்கே ஊசிமுனை ஓட்டை விழும், மூன்று நாள் உழைப்பு வீண்.

அதனால் தொட்டி அறைக் கதவில் ஒரு அட்டை எழுதி ஒட்டினேன். 'வெறுங்கையால் தொடாதீர்கள்' என்று மட்டும் எழுதச் சொன்னார் முதலாளியம்மா. எனக்கு மனசு ஆறவில்லை. கீழே ஒரு வரியைச் சேர்த்தேன்: 'மீறித் தொட்டவர் மூன்று மாதம் இந்த அறைக்குள் வரக்கூடாது.' முதலாளியம்மா படித்துவிட்டுச் சிரித்தார். கிழிக்கச் சொல்லவில்லை.

இந்த அறைக்குள்தான் என் நாத்தனாரைக் கொண்டுவந்து விட்டார்கள்.

என் வீட்டுக்காரரின் தங்கை. என்னைவிட ஒரே ஒரு வயது இளையவள். எங்கள் பட்டறையிலேயே பதினோரு வருஷமாக வெல்டிங் செய்தவள். குழாயின் முனைகளில் மூடியும் இணைப்பும் பற்றவைப்பது அவள் வேலை. தையல் போட்ட மாதிரி இருக்கும் அவள் பற்றவைத்தது. அதை நான் ஒருநாளும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, அது வேறு விஷயம். அப்படி வேலை செய்தவளுக்குக் கண் எரிச்சல் வந்து, கண் டாக்டர் இனிமேல் வெல்டிங் வெளிச்சமே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறையில் அவளுக்குக் கொடுக்கக்கூடிய வேறு இடம் தொட்டி அறை ஒன்றுதான். முதலாளியம்மா ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். அந்த ஒரு மாதத்தில் அவளால் ஒரு குழாயும் கெடாவிட்டால் வேலை நிரந்தரம். கெட்டால் அவள் வேறு இடம் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாள் கதவருகே நின்றுகொண்டு, "அண்ணி, உங்க ராஜ்யத்துல எனக்கு ஒரு ஓரம் குடுங்க," என்றாள்.

"ஓரத்துல நின்னா என் கண்ணுக்குத் தெரியமாட்ட. நடுவுல வந்து நில்லு."

"நின்னுட்டேன். மூச்சு விடலாமா, அதுக்கும் உறை போடணுமா?"

இப்படித்தான் ஆரம்பம். நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். ஆனால் வேலையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். குழாயைக் கழுவி எடுத்தால் தண்ணீர் அதன்மேல் உடையாமல் ஒரே விரிப்பாக நிற்க வேண்டும், எங்காவது பிரிந்தால் அங்கே அழுக்கு என்று அர்த்தம். இதை நான் ஒரு தடவைதான் சொன்னேன். மறுநாளே நான் கழுவிய குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இங்க லேசாப் பிரியுதே அண்ணி," என்றாள். பிரிந்துதான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வீட்டுக்காரர்மேல் கொட்டினேன்.

"யார் பக்கம் பேசணும்னு முன்னாடியே சொல்லிடு, நான் நிம்மதியாச் சாப்பிடுறேன்," என்றார் அவர்.

"உங்க தங்கச்சி பக்கமே பேசுங்க. சாப்பாடும் அங்கயே கிடைக்கும்."

இருபத்து மூன்றாவது நாள் வந்தது வினை.

முலாம் பூசி, அடுப்பில் வைத்து வெள்ளியும் பல்லேடியமும் ஒரே சீராகக் கலந்த பிறகு குழாய் சோதனை மேசைக்குப் போகும். சோதிப்பவரை எல்லாரும் 'குமிழி' என்றுதான் கூப்பிடுவோம். குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தி, ஸ்பிரிட்டில் முக்கி, பத்து நிமிஷம் கண் கொட்டாமல் பார்ப்பார். ஓட்டை இருந்தால் குமிழி வரும். அன்றைக்குக் குமிழி வந்தது. ஒன்று இரண்டு இல்லை, ஒரே இடத்திலிருந்து சரசரவென்று வந்துகொண்டே இருந்தது. அவர் நேரே போய் முதலாளியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

முதலாளியம்மா குழாயைத் துடைத்து லென்ஸை வைத்துப் பார்த்தார். வெள்ளி மாதிரி பளபளக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு வட்டம், வட்டத்துக்குள் வளைவு வளைவாகக் கோடுகள்.

"கட்டைவிரல்," என்றார்.

எல்லார் கண்ணும் நாத்தனார் பக்கம் திரும்பியது. என் கண்ணும் திரும்பியது, பொய் சொல்வானேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"மேடம், நான் உறை இல்லாம தொடலை."

"வேணும்னு தொட்டீங்கன்னு நான் சொல்லலை," என்றார் முதலாளியம்மா. அவருக்கும் வருத்தம்தான். "ஆனா ரேகை இருக்கே. சாயங்காலம் பேசுவோம்."

அவர் போனதும் நானும் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று சொல்ல வாயைக்கூடத் திறந்துவிட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது. வளைவுக் கோடுகளுக்குக் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. ஒன்பது வயதில் கத்தி பட்ட வெட்டு. உலகத்தில் அந்த வெட்டு ஒரே ஒரு கட்டைவிரலில்தான் இருக்கிறது. அது என்னுடையது.

லென்ஸைச் சட்டென்று கீழே வைத்தேன்.

நடந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. நாலு நாளுக்கு முன்பு நாத்தனார் சுத்தத் தண்ணீர் எடுத்துவர வெளியே போயிருந்தாள். என் கையுறை கிழிந்துவிட்டது, கழற்றினேன். புது உறையை எடுக்கத் திரும்பியபோது, கடைசிக் கழுவல் முடிந்து கொக்கியில் தொங்கிய குழாய் கண்ணில் பட்டது. தண்ணீர் உடையாமல், சாம்பல் நிறத்தில், அவ்வளவு அழகாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் எத்தனை நூறு குழாய் குளிப்பாட்டியிருப்பேன். ஒன்றைக்கூட என் தோலால் தொட்டதில்லை. பெற்ற பிள்ளையைத் தொடாமலே வளர்த்தவள் மாதிரி இருந்தேன். ஒரே ஒரு நொடி தடவினேன். உடனே மறுபடி கழுவியிருக்க வேண்டும். காலடிச் சத்தம் கேட்டதும், திருட்டு முழி முழித்துக்கொண்டு, குழாயை அப்படியே தொட்டியில் இறக்கிவிட்டேன். லேசாகத்தானே பட்டது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இதையே வேறு யாராவது சொல்லியிருந்தால் என் வாயில் விழுந்து எழுந்திருப்பார்கள்.

சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். தொட்டி முழுக்க எனக்கு மட்டும் என்று ஆகிவிடும். மூன்று வாரமாக அதைத்தானே ஆசைப்பட்டேன்? நாத்தனார் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் அண்ணி. நான்தான் போலிருக்கு. ஒரு நாள் கண்ணு எரிஞ்சுதுன்னு உறையைக் கழட்டித் துடைச்சேன். அப்பத்தான் எங்கயோ பட்டிருக்கும்."

"பட்டதைப் பாத்தியா?"

"பாக்கலை. ஆனா வேற யாரு? நீங்களா தொடப் போறீங்க?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன். எனக்காக மேடம்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. நீங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பேரும் கெட வேண்டாம்."

நான் அவளுக்காகச் சண்டைக்குப் போவேனாம். இந்த மனசுக்குள் இவ்வளவு நேரம் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் காறித் துப்பியிருப்பாள். எனக்குக் கூசிப்போனது. எழுந்தேன்.

"அண்ணி, வேண்டாம்னு சொல்றேனே," என்று பின்னாலேயே ஓடிவந்தாள்.

முதலாளியம்மா மேசையில் அந்தக் குழாய் இருந்தது. குமிழியும் அங்கேதான் இருந்தார். நான் லென்ஸை எடுத்து ரேகைமேல் வைத்தேன். பக்கத்தில் என் கட்டைவிரலை நீட்டினேன்.

"பாருங்க மேடம். அந்த வெட்டையும் பாருங்க, இந்த வெட்டையும் பாருங்க."

முதலாளியம்மா பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மறுபடி லென்ஸில் பார்த்தார். குமிழி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்களா?"

"நானேதான். ஆசையில தொட்டுட்டேன். இவ மேல ஒரு தப்பும் இல்லை. என்னைவிட நல்லா கழுவுறா, மேடம். என் கழுவல்லயே குத்தம் கண்டுபிடிச்சவ."

வாழ்க்கையில் முதல்தடவையாக அவளைப் பாராட்டிவிட்டேன், அதுவும் நாலு பேர் முன்னால். நாத்தனாருக்குத் தலை கால் புரியவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

முதலாளியம்மா குழாயை ஓரமாக நகர்த்தி வைத்தார். "கதவுல ஒரு அட்டை இருக்கே, அதுல என்னவோ எழுதியிருந்ததே?"

"மூணு மாசம், மேடம்."

"யாரு எழுதினது?"

"ஒரு கோபக்காரி, மேடம்."

அன்று மாலையே என் ஏப்ரனைக் கழற்றி நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, குமிழியின் மேசைக்குப் போனேன். குமிழி அடுப்புப் பக்கம் போனார். வீட்டில் விஷயத்தைக் கேட்டு என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். புரையேறியது. நான் தண்ணீர் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள், நாத்தனார் தன்னந்தனியாகப் பூசிய முதல் குழாய் என் முன்னால் வந்தது. நைட்ரஜனை அழுத்தி ஸ்பிரிட்டில் இறக்கினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"பாசத்துல பாஸ் போட்டுடாதீங்க அண்ணி."

"யாருக்குப் பாசம்? பேசாம நில்லு, எண்ண விடு."

பத்து நிமிஷம். ஒரு காலத்தில் இவள் குழாயில் ஒரு குமிழியாவது வரட்டும் என்று நினைத்தவள்தான் நான். இப்போது வந்துவிடாதே, வந்துவிடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. ஸ்பிரிட் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது.

"எத்தனை அண்ணி?"

"ஒண்ணுகூட இல்லைடி."

அவள் நம்பவில்லை. இன்னும் பத்து நிமிஷம் வைக்கச் சொன்னாள். வைத்தேன். அப்போதும் வரவில்லை.

பதிவேட்டில் 'பூசியவர்' என்ற கட்டத்தில் வேலையாள் எண்ணைத்தான் எழுத வேண்டும். ஒன்பது வருஷமாக அந்தக் கட்டத்தில் என் எண் மட்டும்தான் இருந்தது. அவள் எண் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பேனாவை எடுத்து, 'என் நாத்தனார்' என்று எழுதினேன்.

முதலாளியம்மா கையெழுத்துப் போட வந்தபோது அதைப் படித்தார். "இதுல நான் கையெழுத்துப் போட்டா இவங்க எனக்கும் நாத்தனார் ஆயிடுவாங்களே," என்றார்.

"ஆகட்டும் மேடம். இவளை நான் ஒருத்தியே எவ்வளவு நாள்தான் சமாளிக்கிறது?" என்றேன்.

அடிக்காமல், திருத்தாமல், கீழே கையெழுத்துப் போட்டார்.