நல்ல வண்டிதான் மாப்ள

சரக்கு ஏற்றுகிற ஆட்களிலேயே வாய் நீளம் யாருக்கு என்று கேட்டால் எல்லோரும் பிக்கப்காரரைத்தான் கை காட்டுவார்கள். உலகத்தில் வண்டி என்றால் அது பிக்கப்தான் என்பது அவர் கட்சி. கட்டிலை ஏற்றலாம், சிமெண்டு மூட்டையை ஏற்றலாம், பின்னால் இருப்பது நனைந்தால் ஒரு தார்ப்பாய் போதும். மினிவேன் என்பது சக்கரம் வைத்த பீரோ. இதை அவர் ஆசை ஆசையாகச் சொல்வது ஒரே ஒரு ஆளிடம்தான், தங்கையின் கணவரிடம்.

மாப்பிள்ளை கார் கம்பெனியில் கதவு மாட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். தான் கை வைத்த ரகத்திலேயே ஒரு மினிவேன் வாங்கி வாசலில் நிறுத்தியிருந்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பிக்கப்காரர் வரும்போதெல்லாம் வேண்டுமென்றே அதன் தள்ளு கதவைப் படாரென்று சாத்துவார்.

"தகர டப்பா மாப்ள! இப்பல்லாம் எவன் இரும்புல கார் செய்றான்? அட்டையில செஞ்சு பெயின்ட் அடிச்சு விக்கிறீங்க."

"மெதுவா தள்ளு மச்சான், அதுவே பிடிச்சுக்கும். மூட்டை தூக்குற கைக்கு அது எங்க தெரியப்போவுது?"

அடுப்படியில் தங்கை தலையில் அடித்துக்கொள்வாள். இந்தச் சண்டை இல்லாவிட்டால் இருவருக்கும் சாப்பாடு இறங்காது.

அப்புறம் மாப்பிள்ளைக்கு நோய் வந்தது. பிக்கப்பின் உயரத்துக்குக் காலைத் தூக்கி ஏற முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக மினிவேனே கதி என்றாயிற்று. ஓட்டியது பிக்கப்காரர்தான். போக வர அந்த வண்டியைத் திட்டித் தீர்த்தார். பின் சீட்டில் சாய்ந்தபடி மாப்பிள்ளை ஒன்றுக்கு ஒன்று பதில் கொடுத்தார். உடம்பில் இல்லாத தெம்பு அந்தப் பதில்களில் இருந்தது.

அன்று டாக்டர் அண்ணனையும் தங்கையையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். இனி ஊசி வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து எழுதுகிறேன், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் சொல்லாததும் புரிந்துவிட்டது. வராந்தாவில் தங்கை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குத் தெரியக் கூடாதுண்ணே. தெரிஞ்சா இன்னிக்கே மனசு விட்டுருவாரு. உன் வாயை நம்ப முடியாது. எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினார். அவள் மருந்துக்கு வரிசையில் நின்றாள். அவர் மாப்பிள்ளையைச் சக்கர நாற்காலியில் வைத்து வண்டிக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

கைத்தாங்கலாக ஏற்றி பெல்ட் மாட்டும்போது தோள் எலும்பு கையில் முட்டியது. ஒரு முழுக் கதவை ஒற்றை ஆளாகத் தூக்கிய தோள். கதவைப் படாரென்று சாத்த மனம் வரவில்லை. லேசாகத் தள்ளினார். அது சத்தமில்லாமல் போய்த் தானாகவே பிடித்துக்கொண்டது. இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அவர் அப்படிச் சாத்திப் பார்த்ததில்லை.

முன்னால் ஏறி உட்கார்ந்தார். பாவம், இந்த மனுஷனுக்கு ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வோமே என்று தோன்றியது. தவளை தன் வாயால் கெடும்.

"நல்ல வண்டிதான் மாப்ள. கதவு என்னமா சாத்துது!"

கண்ணாடியில் பார்த்தார். மாப்பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் கையை விரிச்சிட்டாரா, மச்சான்?"

"சேச்சே! யார் சொன்னா உனக்கு?"

"நீதான். இப்பதானே சொன்ன."

பிக்கப்காரர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதார். நல்லது சொல்லப் போய் ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டோமே என்று அழுதார். மாப்பிள்ளை அழவில்லை. கதவின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வெளியே பார்த்துவிட்டுப் பதறினார்.

"மச்சான், கண்ணைத் துடை. அவ வர்றா. எனக்குத் தெரிஞ்சது அவளுக்குத் தெரிய வேண்டாம், தாங்க மாட்டா."

"நான் என்ன பண்ணட்டும்?"

"திட்டு. நீ சும்மா வந்தா கண்டுபிடிச்சிருவா."

தங்கை மருந்துப் பையோடு ஏறி, இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கதவாம் கதவு!" என்று ஆரம்பித்தார் பிக்கப்காரர். "இதுக்கு ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கலாம்."

"மூட்டை தூக்குறவனுக்குச் சாக்கு ஞாபகம்தான் வரும்" என்றார் மாப்பிள்ளை.

"ஆரம்பிச்சிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள் தங்கை. அண்ணன் சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டான் என்ற நிம்மதி அவள் குரலில் இருந்தது.

பிக்கப்காரர் வண்டியைக் கிளப்பினார். வீடு வரும்வரை திட்டிக்கொண்டே ஓட்டினார். கண்ணாடியை மட்டும் பார்க்கவேயில்லை.