அணைக்க வேண்டிய பாதி

ஏசி ஓடும்வரை அதன் சத்தம் யார் காதிலும் விழாது. நின்றுபோனால்தான் கேட்கும். ரம்யாஸ்ரீக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாகமலை அடிவாரத்து அந்த ஆய்வுக்கூடத்தில் அவளையும் வாசல் காவலரையும் தவிர ஈ காக்கை இல்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் கிளஸ்டர் அறை. ஆளுயர அலமாரிகளில் அடுக்கிய கணினிகள், எல்லாம் சேர்ந்து ஒரே கணினிபோல வேலை பார்ப்பவை, காற்றாடிகள் இரைய ஓடிக்கொண்டிருந்தன. கதவோரத்து வெப்பமானி இருபத்தாறு காட்டியது. இருபத்திரண்டைத் தாண்டக் கூடாது என்று அதன் கீழேயே ஒட்டியிருக்கிறது.

அறைக்கு இரண்டு ஏசி. ஒன்று போன வாரமே கண்ணை மூடிவிட்டது. பார்ட்ஸ் வருகிறது, வருகிறது என்கிறார்கள். மற்றது தனியாக இரண்டுக்கும் சேர்த்து உழைத்து, அக்னி நட்சத்திர வெயிலில் அதுவும் படுத்துவிட்டது. மனுசனாயிருந்தால் எப்போதோ ராஜினாமா கடிதம் நீட்டியிருக்கும். கதவைத் திறந்து வைக்கலாமா என்று பார்த்தாள். வெளியே நாற்பதை நெருங்கும் வெயில். திறந்தால் உள்ளே வருவது காற்றல்ல, அனல்.

கிளஸ்டருக்குப் பொறுப்பாளர் விஜய்ஆனந்த் சார். அக்கா பேரனுக்குக் காதுகுத்து என்று உசிலம்பட்டி போயிருந்தார். ரம்யாஸ்ரீ கூப்பிட, அவர் போனை எடுத்ததும் விழா ஒலிபெருக்கிதான் முதலில் பேசியது.

"சார், ரெண்டாவது ஏசியும் போச்சு. இருபத்தெட்டுக்கு வந்துருச்சு."

"மெக்கானிக் பேயாண்டியை அனுப்பி விடுறேன்மா. காளவாசல் பக்கம்தான் இருக்காரு. ஆனா நல்லாக் கேட்டுக்க. முப்பத்தஞ்சைத் தொட்டுச்சுன்னா எல்லாம் தன்னால அணைஞ்சுரும். திடீர்னு டிஸ்க்கும் சேர்ந்து அணைஞ்சா எல்லாரு டேட்டாவும் காலி. அதுக்கு முன்னாடி பாதி மெஷினை நீயே ஆஃப் பண்ணிரு."

"ஓடுற ஜாப்பை மட்டும் நிறுத்தி வச்சாப் பத்தாதா சார்?"

"பத்தாது. மெஷின் சும்மா நின்னாலும் சூடுதான். இங்க நெட்டு கிடைக்கல, இல்லைன்னா நானே பண்ணிருவேன். இந்த மாசம் அட்மின் பாஸ்வேர்டு உன்கிட்டதான இருக்கு? எந்தப் பாதின்னு நீயே பாத்துக்க."

அதோடு மேளச் சத்தம் அவரை விழுங்கிவிட்டது.

எந்தப் பாதி? சொல்வது சுலபம். கிளஸ்டரில் அன்று இரண்டே பெரிய ஜாப்கள், அதாவது நாள்கணக்கில் விடாமல் ஓடும் கணக்குகள், ஆளுக்குச் சரிபாதி. ஒன்று அவளுடையது. ஜெனீவாவில் புரோட்டான்களை மோதவிடுகிறார்கள். அதே மோதலைக் கணினிக்குள் கோடிக்கணக்கான முறை நடத்திப் பார்த்து, புதுத் துகள் என்று ஊரே கொண்டாடத் தயாராகும் அடையாளம் பழைய துகள்களின் சேட்டையா இல்லையா என்று சொல்வது அவள் வேலை. மூன்று வருட உழைப்பு அது. இன்று இரவு ஜாப் முடிய வேண்டும், நாளைக் காலை ஜெனீவா குழுவுக்குக் கணக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் கோடைக்கால மாநாட்டுக் கட்டுரையில் அவள் பெயர் இருக்கும். தவறினால் இதே கணக்கை வேறொரு நாட்டுக் குழு கொடுத்துவிடும். அப்புறம் அவளுடையதைச் சீந்த ஆள் இருக்காது.

இன்னொரு பாதி மெர்வினுடையது. மெர்வின் அவளுக்கு மூத்த ஆய்வு மாணவர், ஆடி மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டியவர். மூன்றாவது வாரமாக ஓடுகிறது அவர் ஜாப். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பன்னிரண்டு நாள்.

காரணம் ஒரு மெயில். கிளஸ்டரில் எத்தனை கணினி இருந்தாலும் எல்லோரும் எழுதுவது ஒரே டிஸ்க்கில்தான். ஒரு தெருவுக்கு ஒரே குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெர்வினின் ஜாப் பத்து நிமிடத்துக்கொரு தடவை தன் நிலையை அதில் சேமித்துக்கொண்டிருந்தது. பாதியில் நின்றுபோனாலும் விட்ட இடத்தில் தொடங்கலாம் என்பதற்காக எல்லோரும் செய்கிற வேலைதான், ஆனால் பத்து நிமிடத்துக்கொரு தடவை என்பது அநியாயம். ரம்யாஸ்ரீயின் ஜாப் நத்தையாக ஊர்ந்தது. ஆத்திரம் வந்தால் வீட்டில் பேசும் சௌராஷ்டிரத்தில் முணுமுணுத்துவிட்டுப் போகிற பெண், அன்று ஆங்கிலத்தில் மெயில் எழுதினாள். அதுவும் அவருக்கு மட்டும் அல்ல, குழுவில் உள்ள அத்தனை பேருக்கும். பொது டிஸ்க்கை மெர்வின் அண்ணன் தன் பூர்வீகச் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வரி. படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெர்வின் இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். மறுநாள் டிஸ்க் வேகமாகிவிட்டது. ஜெயித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெப்பமானி முப்பதைத் தாண்டியது. மேசை மின்விசிறியைத் தூக்கிவந்து அலமாரிக்கு முன்னால் வைத்தாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இப்போது கணக்கு சின்னப்பிள்ளைக்கும் புரியும். மெர்வினின் பாதியை அணைத்தால் அவருக்குக் கொஞ்ச நேர வேலைதான் போகும், சேமித்த இடத்திலிருந்து தொடங்கிக்கொள்வார். அவள் பாதியை அணைத்தால் ஏசி சரியாகும்வரை திரும்பத் தொடங்க முடியாது, ஜெனீவா போச்சு. ஆகவே அணைக்க வேண்டியது அவர் பாதி.

இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஞாயிறு ஆராதனை, சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர் மெர்வின். போன் ஏதோ பையில் ஊமையாகக் கிடக்கும். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். முப்பத்தொன்று.

அந்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவர் ஜாப்பைத் தொட நேர்ந்தால், அது கடைசியாக எப்போது சேமித்தது என்று பார்த்து அவருக்கு எழுதிவிட்டுத்தான் தொட வேண்டும். எவ்வளவு போயிற்று என்று அவருக்குத் தெரிய வேண்டுமல்லவா? ரம்யாஸ்ரீ மெர்வினின் கோப்புகளைத் திறந்தாள். கடைசிச் சேமிப்பின் தேதியைப் பார்த்தாள். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று இன்னொரு முறை பார்த்தாள்.

பன்னிரண்டு நாளைக்கு முந்தைய தேதி. அவள் மெயில் அனுப்பிய நாள், அனுப்பிய மணியிலிருந்து கொஞ்ச நேரம் தள்ளி. அதற்கப்புறம் அந்த ஜாப் எதையுமே சேமிக்கவில்லை. டிஸ்க் வேகமானது அதனால்தான்.

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இவள் வினை இரண்டு மேசை தள்ளிப் போய்ச் சுட்டிருந்தது.

பேயாண்டியைக் கூப்பிட்டாள். "அண்ணே, எங்கண்ணே இருக்கீங்க?"

"காளவாசல் சிக்னல்ல நிக்கிறேன் பாப்பா. முகூர்த்த நாளுல்ல, பொண்ணு மாப்பிள்ளை காரு, வேனுன்னு எம்புட்டு வண்டி! நவுரவே மாட்டேங்குது. அரைமணியாவது ஆகும்."

முப்பத்திரண்டு. அரைமணி தாங்காது.

மறுபடி மறுபடி மெர்வினுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. எடுங்கண்ணே, எடுத்து ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே என்று வாய்விட்டே கெஞ்சினாள். அவர் எடுத்து, என்னுடையதை அணைத்துவிடு என்று சொல்லிவிட்டால் போதும். பாவம் அவரோடு போகும்.

மனசு சும்மா இருக்குமா? வக்கீல் வேலை பார்க்க ஆரம்பித்தது. சேமிக்காமல் விட்டது யார் தப்பு? அவர் தப்பு. நீயா நிறுத்தச் சொன்னாய்? குறைத்துக்கொள்ளத்தானே சொன்னாய்? பொறுப்பாளரே உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார். பார்க்காமலே அணைத்திருந்தால் இந்தத் தேதி உனக்குத் தெரிந்தே இருக்காது. வக்கீல் நன்றாகத்தான் வாதாடினார். அவள் விரல்கள் மெர்வினின் ஜாப் எண்ணை அடித்து முடித்துவிட்டன. என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி.

முப்பத்துநான்கு. அலமாரியின் உச்சியில் சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கத் தொடங்கியது.

பன்னிரண்டு நாள் கணக்கு போனால் ஆய்வேடு ஆடியில் ஆகாது. அது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இனி ஆயுசுக்கும் இருக்க முடியாது என்பதும் தெரிந்தது. அடித்த எண்ணை ஒவ்வொன்றாக அழித்தாள். தன் எண்ணை அடித்தாள். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது. முதல் தடவை தப்பாக விழுந்தது. திருத்தி அடித்து, கண்ணை மூடாமல் என்டரைத் தட்டினாள். பிறகு கணினிகளை வரிசை வரிசையாக அணைத்தாள். ஒவ்வொரு வரிசையின் இரைச்சலும் இறங்கி ஓய்ந்தது.

வெப்பமானி முப்பத்துநான்கிலேயே நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு முப்பத்துமூன்றுக்கு இறங்கியது. அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். மூன்று வருடம் போயிற்றே என்று, நன்றாகவே அழுதாள்.

பேயாண்டி வந்து, ஏணி போட்டு ஏறி, ஏசியை எப்படியோ உயிர்ப்பித்தார். "இன்னைக்கு இம்புட்டுத்தான் இழுக்கும் பாப்பா. பாதி மெஷினுக்கு மேல போட்றாத. நாளைக்குப் பார்ட்ஸ் வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பைக் போன சற்று நேரத்தில் மெர்வின் ஓடிவந்தார். சர்ச்சுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன ரம்யா, பதினோரு மிஸ்டு கால்! யாருக்கு என்னமோன்னு பதறிப் போய் வாரேன்."

நடந்ததைச் சொன்னாள். அவர் திரையைப் பார்த்தார். தன் ஜாப் ஓடுவதையும் அவளுடையது இல்லாததையும் பார்த்தார்.

"உன்னுதை ஆஃப் பண்ணிட்டியா?"

"உங்களுது பன்னெண்டு நாளா சேமிக்கவே இல்லண்ணே. ஏண்ணே மொத்தமா நிறுத்துனீங்க? ஆறு மணி நேரத்துக்கு ஒருதடவைன்னு மாத்திருக்கலாம்ல?"

"மாத்தணும்னா ஜாப்பை முதல்ல இருந்து ஓட்டணும். ஓடிக்கிட்டு இருக்கிறப்ப நிறுத்த மட்டும்தான் முடியும்." கொஞ்சம் தயங்கினார். "ரோசமும்தான், வச்சுக்கயேன். அந்த மெயிலுக்கப்புறம் டீக்குப் போறப்ப என்னைய யாரும் கூப்பிடுறதே இல்ல, தெரியுமா? நாளைக்கு உன் ஜெனீவா?"

"போச்சுண்ணே."

அவர் கை விசைப்பலகைக்குப் போனது. அவள் அதைத் தள்ளி வைத்தாள். "வேண்டாம்ணே. என்னுது கடைசியாச் சேமிச்சது நேத்துக் காலையில. இப்ப உங்களுதை நிறுத்தி என்னுதைப் போட்டாலும் நாளைக் காலையில முடியாது. கணக்குப் பாத்துட்டேன்."

மெர்வின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நன்றி என்றோ, பரவாயில்லை என்றோ சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள்.

"இன்னைக்குப் பதினோரு தடவை கூப்பிட்டிருக்க. அன்னைக்கு ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்ல? ரெண்டு மேசை தள்ளித்தான இருந்தேன்."

ரம்யாஸ்ரீ விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். கணினியில் அதே மெயிலை, அதே அத்தனை பேருக்கும் போன மெயிலைத் திறந்து, அதற்குக் கீழே இந்த முறை தமிழில் எழுதினாள். மெர்வின் அண்ணன் மேல் எந்தத் தவறும் இல்லை என்று தொடங்கினாள்.

பின்னால் வந்து நின்று படித்தார் மெர்வின். "அது பொய். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை எழுதுனது என் தப்புத்தான். அந்த வரிய எடுத்துரு."

"அப்ப என்னண்ணே எழுத?"

"நேர்ல வந்து சொல்லலைன்னு எழுது. அது மட்டும் போதும்."

எடுத்தாள். எழுதினாள். அனுப்பினாள். மெர்வின் தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தார். மெயில் வந்து சேர்ந்ததற்கு அவர் சட்டைப்பையில் போன் ஒருமுறை ஒலித்தது. அவள் எழுதும்போது கூடவே நின்று பார்த்த மெயிலையே, போனை எடுத்து முதலிலிருந்து படித்தார்.