சிரிக்கப் பயந்தவள்

கடற்கரையோரம் வாடகைக்கு எடுத்த அந்த வீட்டில் படுக்கையறை இரண்டு, ஜன்னல் ஏழு, குளியலறை ஒன்றே ஒன்று. நான்கு பெண்கள் தங்கப் போகிற இடத்துக்கு இப்படி ஒரு வீட்டைப் பார்த்துப் பிடித்தவள் யார் என்று காலை ஆறரை மணியிலிருந்து விசாரணை நடந்துகொண்டிருந்தது. பிடித்தவள் கண்டக்டர். அவளே இப்போது குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"உள்ள இருக்கிறவங்க ஸ்டாப்பிங் வந்தாச்சு, இறங்குங்க," என்றாள். இருபத்தாறு வருடம் பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டை. பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது.

உள்ளே இருந்தவள் வெடி. விடிந்ததிலிருந்து இது அவளுக்கு மூன்றாவது தடவை.

நால்வரும் முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பெண்கள் விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். ஒருத்தி பஸ் கண்டக்டர் ஆனாள். ஒருத்தி பள்ளியில் அறிவியல் டீச்சர். ஒருத்தி சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். நாலாமவள் ஓர் ஆஸ்பத்திரியின் முன்வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் என்ன தொந்தரவு என்று கேட்டு டோக்கன் போட்டுக் கொடுப்பவள். விடுதிக் காலத்தில் அவள் சிரித்தால் மூன்றாவது மாடியில் தூங்குகிறவள் எழுந்து வந்து என்ன விஷயம் என்று கேட்பாள். அதனால்தான் வெடி என்று பெயர் வைத்தார்கள். ஐம்பது வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை.

ஆனால் சில வருடங்களாக வெடி வெடிப்பதில்லை. டீச்சர் வீட்டுக் கல்யாணத்தில் பாதியில் எழுந்து போனாள். நால்வரும் சேர்ந்து போவதாக இருந்த மலைப் பயணத்துக்கு, கிளம்பும் அன்று காலையில் காய்ச்சல் என்றாள். யாராவது தமாஷாகப் பேச ஆரம்பித்தால் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவளுக்கு நம் மேல் ஏதோ கோபம் என்று மற்ற மூவரும் முடிவு கட்டிவிட்டார்கள். தன் வாய்தான் காரணம், எப்போதோ எதையோ சொல்லித் தொலைத்திருக்கிறேன் என்று கண்டக்டருக்கு உள்ளுக்குள் உறுத்தல். இந்தத் தடவை கையைக் காலைப் பிடித்து வெடியைக் கூட்டிவந்ததே அதற்காகத்தான். வரும் வழியில், அவள் ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்த நேரத்தில், மூவரும் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். இந்த மூன்று நாளில் அவளை வயிறு குலுங்கச் சிரிக்க வைக்காமல் ஊர் திரும்புவதில்லை.

பாவம், நல்லது செய்வதாக நினைத்து அவள் கழுத்துக்குக் கத்தி தீட்டினார்கள்.

விஷயம் என்னவென்று நானே சொல்லிவிடுகிறேன், உங்களை எதற்குச் சுற்றவிட வேண்டும். வெடிக்குச் சிறுநீர் கசிகிற தொந்தரவு. பிள்ளை பெற்ற காலத்திலேயே லேசாகத் தலைகாட்டியது, இந்த ஒன்பது வருடத்தில் முற்றிவிட்டது. இருமினால், தும்மினால், கனமான வாளியைத் தூக்கினால், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிரித்தால், அடக்க முடியாமல் போய்விடும். கட்டிய கணவனுக்கும் தெரியாது, பெற்ற மகளுக்கும் தெரியாது. எங்கே போனாலும் முதலில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்ப்பாள். கறுப்பும் கருநீலமும் தவிர வேறு நிறத்தில் துணி எடுப்பதில்லை. வெளியே போகிற நாளில் தண்ணீர் குடிப்பதில்லை. எத்தனையோ பேருடைய தொந்தரவைக் கேட்டு எழுதுகிறவள், தன் தொந்தரவை எழுத ஒரு சீட்டு எடுக்கவில்லை. உள்ளே டாக்டர்களும் நர்ஸுகளும் அவளைக் கடந்துதான் தினமும் போகிறார்கள், வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதைவிடச் செத்துப்போகலாம் என்பது அவள் எண்ணம். என்ன படித்து என்ன, இந்த ஒரு விஷயத்தில் நம் பெண்கள் வாய் திறப்பதே இல்லை.

இந்தப் பயணத்துக்கு அவள் வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. இதுதான் கடைசி என்று தீர்மானம் செய்துகொண்டுதான் வந்தாள். இவர்கள் மூன்று பேர் முன்னால் ஒருநாள் அது நடந்துவிட்டால் பிறகு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? அதற்கு முன்னால் நாமாகவே ஒதுங்கிவிட வேண்டும். ஊர் திரும்பியதும் ஏதாவது சாக்குச் சொல்லி, முப்பது வருடச் சிநேகிதத்தை மெல்ல மெல்ல நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தாள். அதை நினைக்கும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

முதல் நாள் எப்படியோ தப்பித்தாள். டீச்சர் பள்ளிக்கூடத்துக் கதைகளாகச் சொன்னாள். வெடி தன் நாக்கைக் கடித்துக்கொண்டு, வீட்டுக் கூரையில் ஒழுகும் இடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துச் சமாளித்தாள். தையல்காரி நண்டு நடப்பதைப் போல நடந்து காட்டினாள். வெடி தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோபம் நாம் நினைத்ததைவிடப் பெரிதாக இருக்கும் போலிருக்கிறதே என்று டீச்சர் கவலைப்பட்டாள். கண்டக்டர் மட்டும், நாளைக்கு என் கையில் விடுங்கள் என்றாள்.

மறுநாள் பிற்பகல். நல்ல வெயில். மணலில் குடையை நட்டு நாலு மடக்கு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். வெடி காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. டீச்சர் இரண்டு தடவை பாட்டிலை நீட்டினாள், இரண்டு தடவையும் வேண்டாம் என்றாள்.

கண்டக்டர் எழுந்தாள். துண்டைத் தலையில் முண்டாசாகக் கட்டினாள். கறுப்புக் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டாள். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னே தள்ளி நடந்தாள். அவ்வளவுதான், விடுதி வார்டன் அம்மா அப்படியே வந்து நின்றுவிட்டார். குடைக்கம்பியைத் தட்டிப் பார்த்து இது யார் கட்டில் என்று கேட்டாள். டீச்சரின் செருப்பைத் தூக்கி மோந்து பார்த்து, இது உயிரோடு இருக்கிறதா என்று விசாரித்தாள். தையல்காரி மணலில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெடி காலோடு காலைப் பின்னிக்கொண்டு, செத்துப்போன தன் பெரியப்பாவை நினைத்துக்கொண்டாள். அந்த நல்ல மனிதர் அன்று நிறைய உதவி செய்தார்.

வார்டன் அம்மா இன்ஸ்பெக்‌ஷனை முடித்துவிட்டுக் கம்பீரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி மடங்கிக்கொண்டது. கண்டக்டரின் இடுப்பு உள்ளே, கால் இரண்டும் மேலே. வேறொருத்தியாக இருந்தால் அலறியிருப்பாள். அவளோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குரல் மாறாமல், "இந்த ரூம்ல நாற்காலி கூட ஒழுங்கா இல்ல," என்றாள்.

வெடி வெடித்துவிட்டாள்.

ஒன்பது வருடமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. கரையில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று தோழிகளும் ஜெயித்துவிட்டோம் என்று கையைத் தட்டினார்கள். தட்டிய கை ஓயும் முன் வெடியின் முகம் செத்துவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் நேராகக் கடலை நோக்கி நடந்தாள்.

குளிக்கப் போகிறாள் என்று முதலில் நினைத்தார்கள். முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, இடுப்பளவு வந்தது, அவள் நிற்கவில்லை. டீச்சர் கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் மூவரும் பதறிக் கிளம்பினார்கள். கண்டக்டர் மாட்டிக்கொண்ட நாற்காலியோடேயே ஓடினாள். கடற்கரைக் காவலர் விசிலை ஊதிக்கொண்டு வந்தார். அலை அடித்த அடியில் நாற்காலி தானாகக் கழன்று போனது. மார்பளவு தண்ணீரில் கண்டக்டர் வெடியின் கையைப் பிடித்துவிட்டாள்.

"கிட்ட வராத. என்னை விடுடி," என்றாள் வெடி.

"விடமாட்டேன். என்ன கோபம்னாலும் என்னை ரெண்டு அறை அறை. இப்படிப் பண்ணாத."

"கோபமெல்லாம் இல்ல. நான் நனைஞ்சுட்டேன்."

"கடல்ல நின்னா நனையாம?"

"கடலுக்கு வர்றதுக்கு முன்னாடியே நனைஞ்சுட்டேன்டி."

கண்டக்டருக்குப் புரிய ஒரு அலை வந்துபோகிற நேரம் ஆயிற்று. அதற்குள் மற்ற இரண்டு பேரும் மூச்சு வாங்க வந்து சேர்ந்துவிட்டார்கள். வெடி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஒன்பது வருடம், கறுப்புத் துணி, கல்யாணத்தில் பாதியில் எழுந்தது, வராத காய்ச்சல், கடைசிப் பயணம் என்ற தீர்மானம் உட்பட. ஈரத் துணி யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் கடலுக்குள் வந்ததாகச் சொன்னாள். காவலரிடம் ஒன்றுமில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம் என்று டீச்சர் கை காட்டினாள். பேசுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா என்பது போலப் பார்த்துவிட்டு, கரைப் பக்கம் நகரச் சொல்லிவிட்டு அவர் போனார்.

இடுப்பளவு தண்ணீருக்கு வந்ததும் கண்டக்டர் நின்றாள். இப்போது அவள் குரலில் பஸ் இல்லை. "எனக்கு ஆறு வருஷமா இருக்கு," என்றாள். "வேகத்தடை வர்ற இடமெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்த இடம் வந்தா கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் காலை இறுக்கிக்குவேன். நான் ஒருத்திதான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். தனக்குத் தும்மல் வந்தால்தான் பயம் என்றாள். மேசைக்குப் பின்னால் நின்றே பாடம் நடத்துவதற்கு அதுதான் காரணமாம். உடம்பைப் பற்றிய பாடத்தில் அந்த ஒரு பக்கம் வரும்போது மட்டும், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிப் போய்விடுவாளாம். "நானே பேசாதப்ப என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க எங்க பேசப் போகுது," என்றாள்.

தையல்காரி நகர்ந்து வெடியின் பக்கம் வந்து நின்றாள். பிறகு மெதுவாக, தனக்கு அந்தத் தொந்தரவு இல்லை, ஆனால் வெடிக்கு இருப்பது தெரியும் என்றாள். பின்பக்கம் இரட்டை உள்துணி வைத்துத் தைக்கச் சொல்லி வெடி கேட்ட நாளிலேயே சந்தேகம். திருத்தக் கொடுத்த துணிகளைப் பார்த்தபோது உறுதியாகிவிட்டது. சிரித்தாலும் வரும், ஒதுங்கியதற்கும் அதுவே காரணம் என்பது மட்டும் தெரியாது, தெரிந்திருந்தால் நண்டு நடை நடந்திருக்க மாட்டாளாம்.

வெடிக்கு இதைக் கேட்டுத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலையாடி?"

"கேட்டா நீ கடைக்கு வர்றதையும் நிறுத்திடுவியோன்னு பயந்தேன்," என்றாள் தையல்காரி. அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். வெடி அவளைக் கட்டிக்கொண்டாள். நாலு பேரும் கடலுக்குள் நின்று அழுவதையும், அழுதுகொண்டே சிரிப்பதையும் கரையிலிருந்து பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. சிரிக்கும்போது நால்வரில் மூவருக்கு என்ன ஆனது என்று நான் சொல்லப் போவதில்லை. கடல் இருந்தது, கவலையில்லை. வெளியே வந்ததும் வெடி ஒரு பாட்டில் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள்.

ஊர் திரும்பிய வாரமே நால்வரும் வெடி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொந்தரவு இல்லாத தையல்காரியும் துணைக்கு வந்தாள். அங்கிருந்த பெண் டாக்டர் ஆச்சரியமே படவில்லை. பிரசவத்தாலும் வயதாலும் சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் கீழ்ப்பக்கத் தசைகள் தளர்ந்துபோவதால் வருவது இது, எத்தனையோ பெண்களுக்கு இருக்கிறது, பெரும்பாலானவர்கள் சொல்வதில்லை என்றார். தண்ணீர் குடிக்காமல் இருப்பது தொந்தரவைக் குறைக்காது, கூட்டத்தான் செய்யும் என்று வெடியைக் கண்டித்தார். அந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். சில மாதம் விடாமல் செய்தால் நிறையப் பேருக்கு நன்றாகக் குறையும், குறையாவிட்டாலும் வேறு வைத்தியம் உண்டு. உட்கார்ந்த இடத்திலேயே யாருக்கும் தெரியாமல் செய்யலாம். கண்டக்டர் மறுநாளிலிருந்தே ஸ்டாப்பிங்குக்குப் பத்து என்று கணக்கு வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள்.

வெடிக்கு டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. பிரசவமான உடனே வந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார் அவர். வெடியின் மகளுக்குக் குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகிறது. பந்து விளையாட்டென்றால் உயிரை விடுகிறவள், பிரசவத்துக்குப் பிறகு மைதானத்தின் பக்கமே போகவில்லை. தோழிகள் கூப்பிட்டால் தலைவலி என்கிறாள். பிள்ளை பெற்றதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று வெடியே போன மாதம் அவளைத் திட்டியிருந்தாள். அந்தத் தலைவலி எதற்கு என்று இப்போது புரிந்தது. உடனே மகளுக்குப் போன் செய்தாள்.

சுற்றி வளைக்கவில்லை. "உனக்கு இருமினா, சிரிச்சா, சிறுநீர் கசியுதாம்மா?" என்று நேராகக் கேட்டாள்.

அந்தப் பக்கம் குழந்தை ஏதோ கிலுகிலுப்பையை ஆட்டுவது மட்டும் கேட்டது. பிறகு மகள் விம்ம ஆரம்பித்தாள்.

"உனக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லல. எனக்கு எங்கம்மா சொல்லல, உனக்கு நான் சொல்லல. இத்தனை வருஷமும் நான் இதை வச்சுக்கிட்டு வாயைத் திறக்கல. நீ அழாத. பிள்ளை பெத்த உடம்பு தளர்றதுல குத்தமும் இல்ல, வெட்கமும் இல்ல. வலிக்குதுன்னா வாய்விட்டுச் சொல்ற மாதிரி இதையும் சொல்லணும், வைத்தியம் பாத்துக்கணும். சொல்லாம மறைச்சு, அதே கஷ்டத்தை உன் தலையிலயும் கட்டினேன் பாரு, அதுதான் குத்தம். நாளைக்குக் காலையில கிளம்பி இரு. டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்."